லீவு விட்டாச்சு… அப்புறம்?

அடைமழை, காய்ச்சல், அரைகுறையாக முடியும் இரண்டாம் பருவம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை என்னதான் நடக்கிறது? ஒரு சிறப்புப் பார்வை.

நவம்பர் மாதம், விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. வடசென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. ராத்திரி பதினொரு மணிக்குப் பிடித்த மழை விட்டபாடில்லை. நேற்றுத் துவைத்த யூனிஃபார்ம் ஃபேனுக்குக் கீழே கொடியில் தொங்குகிறது. சட்டை காய்ந்துவிட்டது, டிரவுசரின் இடுப்புப் பட்டி மட்டும் ஈரம். அம்மா ஆறரைக்கு வீட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும். மூன்று வீடு. முதல் வீட்டில் ஏழு மணிக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்காவிட்டால் அங்கே காபிக்கு டம்ளர் இருக்காது.

செல்போனில் வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப் அலறிக்கொண்டிருக்கிறது. “லீவா மிஸ்?” “இன்னும் சொல்லலையே.” “திருவள்ளூருக்கு விட்டாச்சாம்.” யாரோ ஒரு நியூஸ் கார்டைப் போடுகிறார்கள். கீழே உற்றுப் பார்த்த இன்னொருவர், “இது போன வருஷத்துது” என்கிறார். டிவியில் மாவட்டப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம், கடலூர். சென்னையைக் காணோம். பையன் போர்வைக்குள் விழித்தபடியே படுத்திருக்கிறான். கண்ணைத் திறந்தால் பல் தேய்க்கச் சொல்லிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஆறே முக்காலுக்குச் சென்னை வருகிறது. போர்வை பறக்கிறது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறார்: “அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இவனைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?”

மழை லீவைப் பற்றி நாம் சிரித்துச் சிரித்தே பழகிவிட்டோம். ரமணன் சென்னை வானிலை மையத்தின் இயக்குநராக இருந்த காலத்தில் அவர் டிவியில் தோன்றினாலே பிள்ளைகள் கும்பிட்டார்கள். 2016இல் அவர் ஓய்வுபெற்றபோது மீம்கள் அழுதன. இப்போது அந்த இடத்தில் கலெக்டர்களின் சமூக வலைதளப் பக்கங்களும் தனியார் வானிலை ஆர்வலர்களும் இருக்கிறார்கள். “சார், ப்ளீஸ் சார்” என்று பிள்ளைகள் கெஞ்ச, கலெக்டர்கள் குறும்பாகப் பதில் போட, எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு. எதிர்வீட்டுக் கதவு திறக்காத நாளைப் பற்றி மட்டும் மீம் வருவதில்லை.

விடியும்வரை ஏன் காத்திருக்கிறார்கள்?

“ராத்திரியே சொல்லித் தொலைத்தால் என்ன?” என்பது பெற்றோர்களின் நிரந்தரக் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இதில் கலெக்டரைவிட வானத்தின் பங்கு அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர மாவட்டங்களுக்கு மழை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வலுக்கும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்றும் கிழக்கேயிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்றும் கரையோரத்தில் முட்டிக்கொள்ள, அங்கே மேகம் திரண்டு விடியவிடியக் கொட்டுகிறது. பத்து மணிக்கு வெயில் ஏறினால் பல நாட்களில் கலைந்துவிடுகிறது. “லீவு விட்டதும் வெயில் அடிக்குது பாரு” என்ற கேலியின் பின்னால் இருக்கும் அறிவியல் இவ்வளவுதான்.

முன்கூட்டியே சொன்னால் மட்டும் பாராட்டு கிடைக்கிறதா? 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். பயந்துபோன மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசைகட்டி நிறுத்தினார்கள். 16ஆம் தேதிக்கும் முன்கூட்டியே விடுமுறை அறிவித்தாகிவிட்டது. அன்றைக்கு எதிர்பார்த்த பெருமழை வரவில்லை. வந்ததெல்லாம் வசைமழை. இதற்கு நேரெதிர் கதை கேரளத்தில் நடந்தது: 2022 ஆகஸ்டில் எர்ணாகுளத்தில் காலை எட்டரை மணியை ஒட்டி விடுமுறை அறிவிப்பு வந்தது. அதற்குள் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். எனவே முடிவும் பழியும் அவருக்கே. தூறல் போட்டாலே விடுமுறை விடக் கூடாது, இயல்பு வாழ்க்கை பாதித்த இடத்துக்கு மட்டும் விட வேண்டும், பள்ளி தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், விட்ட நாளைப் பிறகு ஈடுகட்ட வேண்டும் என்று 2018 மழைக்காலத்திலேயே பள்ளிக்கல்வித் துறை வழிகாட்டுதல் அனுப்பியது. காகிதத்தில் குறையே இல்லை. ஒன்பது மணிப் பள்ளிக்கு மூன்று மணி நேரம் முன்பு என்றால் காலை ஆறு. மேலே சொன்ன அம்மாவுக்கு ஆறு மணிகூடத் தாமதம்தான்.

“பாதித்த இடத்துக்கு மட்டும்” என்ற பகுதிதான் இதில் அருமையானது, நடைமுறையில் அதிகம் மறக்கப்படுவதும் அதுவே. மலை மாவட்டங்களில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும், வால்பாறைக்கு மட்டும் என்று விடுமுறை விடுவது வழக்கம். கோவை நகரத்துப் பிள்ளை அன்று வழக்கம்போலப் பள்ளிக்குப் போகும். சமவெளியில் மட்டும் ஏனோ மாவட்டம் முழுக்க ஒரே அறிவிப்பு. தாம்பரத்தில் முழங்கால் தண்ணீர் என்றால் மதுராந்தகத்துப் பிள்ளைக்கும் லீவு.

┃ பெட்டி: சிவப்பா, ஆரஞ்சா?
┃ 24 மணி நேர மழை 6.45 செ.மீ. முதல் 11.55 செ.மீ. வரை: கனமழை.
┃ 11.56 முதல் 20.44 வரை: மிக கனமழை.
┃ அதற்கு மேல்: அதி கனமழை.
┃ மழைமானிக்கு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.
┃ மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. நிறம் மாவட்டத்துக்குக் கொடுக்கப்படுவது. உங்கள் தெருவில் எவ்வளவு பெய்யும் என்பதை அது சொல்லாது.

தட்டு காலியாகிற நாள்

அரசுத் தொடக்கப் பள்ளி என்பது பாடம் நடக்கிற இடம் மட்டுமில்லை. அங்கே காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாகக் கிடைக்கிறது, மதியம் முட்டையோடு சாப்பாடு.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், 1,545 பள்ளிகளில் 1.14 லட்சம் பிள்ளைகளோடு தொடங்கியது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிவைத்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். 2024இல் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகள் என்று அது வளர்ந்தது. மதிய உணவுக்கோ காமராஜர் காலத்திலிருந்து வரும் வரலாறு, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார்; 2010இலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் முட்டை.

இப்போது ஒரு மழை நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டட வேலை நின்றுபோகும். புயல் கூண்டு ஏற்றினால் படகு கடலுக்குப் போகாது. நடைபாதைக் கடை விரிக்க முடியாது. அப்பா, அம்மா இருவரின் கூலியும் விழாத அதே நாளில், பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாடும் பள்ளிக்கூடக் கதவுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு சாப்பாடு, இரண்டு முட்டை. புயல் வாரத்தில் நான்கு நாள் தொடர் விடுமுறை விட்டால் அந்த வீட்டில் மளிகைக் கடைக் கடன் ஏறுவது இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த மதிய உணவு விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பள்ளி நடக்கும் நாளில் அரிசி இல்லை, விறகு இல்லை, சமைக்க ஆளில்லை என்று சாப்பாடு போடாவிட்டால், அதற்கு ஈடாகப் பிள்ளைக்கு உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்க வேண்டும். ஆனால் மழை லீவு ‘பள்ளி நாள்’ ஆகாது. ஆகவே ஈடும் கிடையாது.

வழியே இல்லையா என்றால், நாமே முன்பு கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அரிசியையும் பருப்பையும் உலர்பொருளாகப் பெற்றோர் கையில் கொடுத்தார்கள், முட்டையும் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் செய்ய முடிந்ததைப் புயல் வாரத்துக்குச் செய்வது பெரிய காரியமா? ரெட் அலர்ட் வருகிறது என்று இரண்டு நாள் முன்பே தெரியும்போது, முதல்நாள் மாலை வீட்டுக்குப் போகும் பிள்ளையின் பையில் அவித்த முட்டை வேண்டாம், ஒரு சத்துமாவுப் பொட்டலமாவது வைத்து அனுப்பலாம். செலவு அதிகமில்லை. கேட்க ஆளில்லை என்பதுதான் விஷயம்.

கடல் கடந்த ஓர் ஒப்பீடு. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அங்கே கடும் பனி பெய்தால் முதலில் ரத்தாவது பள்ளிப் பேருந்து. பள்ளிக்கூடம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். வர முடிந்தவர்கள் வரட்டும், வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளையை விட ஓர் இடம் வேண்டுமே என்பது அவர்கள் கணக்கு. 2022 ஜனவரி நடுவில் வந்ததுபோன்ற பெரும் பனிப்புயலுக்குத்தான் கட்டடத்தையே மூடுகிறார்கள். வெள்ளமும் பனியும் ஒன்றல்ல. ஆறு உடைக்கும் இடத்தில் பள்ளியைத் திறந்துவைக்கச் சொல்ல யாருக்கும் பைத்தியமில்லை. ஆனால் மஞ்சள், ஆரஞ்சு நாட்களில், தண்ணீர் தேங்காத பள்ளிகளில், வருகைப்பதிவு கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்பை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும்?

பருவத்துக்குள் மாட்டிய பருவம்

2012-13 முதல் நம் பள்ளிகளில் முப்பருவ முறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு புத்தகம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று, ஜனவரியிலிருந்து மூன்றாவது. பை சுமை குறைந்தது, நல்ல காரியம். ஆனால் இரண்டாம் பருவப் புத்தகத்தின் தலையெழுத்தைப் பாருங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளை உட்காருவதற்குள் தீபாவளி. தீபாவளி முடிந்தால் அடைமழை. மழைக்கு நடுவே புயல். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ், விடுமுறை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. ஆக, ஒவ்வொரு வருடமும் அடிபடுவது அதே புத்தகம், அதே பாடங்கள்.

இது தற்செயல் இல்லை என்பதற்கு வரலாறே இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அதற்கு முந்தைய நவம்பரில் நுங்கம்பாக்கம் ஒரு மீட்டருக்கு மேல் மழை பார்த்திருந்தது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர்ப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நனைந்த புத்தகங்களுக்குப் பதில் புதிய புத்தகங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் கூரைகளைப் பிய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது. அதே மாதம் 17, 18ஆம் தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்து தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் தவித்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ.; கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில்கூட 50.

விழுப்புரம் போன்ற இடங்களில் மழை விட்ட பிறகும் வகுப்பு தொடங்குவதில்லை. பள்ளிக்கூடமே நிவாரண முகாம். வகுப்பறையில் குடும்பங்கள் தங்கியிருக்கும். அவர்கள் வீடு திரும்பிய பின் சேற்றை வழித்து, பினாயில் ஊற்றி, நனைந்த பெஞ்சை வெயிலில் காயவைத்து, மின்இணைப்பைச் சோதித்த பிறகுதான் மணி அடிக்கும். கலெக்டர் விட்ட லீவு மூன்று நாள் என்றால் பாடம் நின்றது ஒரு வாரம்.

பெரிய வகுப்புப் பிள்ளை ஒரு வாரப் பாடத்தை நோட்டு வாங்கி எழுதிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? அக்டோபரில்தான் அது எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாகப் படிக்கத் தொடங்கியிருக்கும். ‘க’வும் தெரியும், கொம்பும் தெரியும், ‘கெ’ என்று வாயில் வருவதற்குத் தினமும் நான்கு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். நடுவில் பத்து நாள் விட்டுப்போனால், கொம்பு எந்தப் பக்கம் என்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். கொரோனா விட்டுச்சென்ற கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. நல்ல முறை. நவம்பரில் மொட்டுக்கு ஏறிய பிள்ளை ஜனவரியில் அரும்புக்கு இறங்குவதை எந்தத் திட்டமும் தடுக்க முடியாது, தொடர்ச்சி இல்லாவிட்டால்.

ஆசிரியர் தரப்பையும் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்தான். கிராமங்களில் ஏராளமான பள்ளிகள் இப்படி ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதிலும் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விடுவார். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் சரியாக மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது. ஆசிரியர்கள் பலர் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். விடுமுறையில் விட்ட பாடத்தை யார், எப்போது நடத்துவது?

சனிக்கிழமை என்னும் சடங்கு

அரசின் பதில் தயாராக இருக்கிறது: சனிக்கிழமை. “மழை விடுமுறையை ஈடுசெய்யும் பொருட்டு வரும் சனியன்று திங்கட்கிழமைப் பாடவேளையைப் பின்பற்றிப் பள்ளிகள் செயல்படும்” என்பதுபோல ஓர் உத்தரவு வரும். கணக்கில் நாள் நேராகிவிடும்.

கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி. 2024-25 நாட்காட்டியில் முதலில் 220 நாள் என்று போட்டு, சனிக்கிழமைகள் அதிகம் என்று ஆசிரியர்கள் எதிர்த்ததால் 210 ஆகக் குறைத்தார்கள். தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் கேட்பது 200. நாட்காட்டி கொடுப்பது 210. இடையில் பத்து நாள். ஒரு நல்ல புயல் போதும் இதைத் தின்பதற்கு.

சனிக்கிழமை வகுப்புக்கு எத்தனை சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று எந்தத் தலைமையாசிரியரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அக்கா படிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு லீவு, தம்பிக்கு மட்டும் பள்ளி என்றால் அவனை யார் கொண்டுபோய் விடுவது? பாதி வகுப்பு வந்திருக்கும்போது புதுப் பாடம் நடத்த ஆசிரியருக்கும் மனம் வராது. படம் வரைவார்கள், கதை சொல்வார்கள். அதில் தவறொன்றும் இல்லை. அதை ‘ஈடு’ என்று பதிவேட்டில் எழுதுவதில்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

தனியார் பள்ளிகளின் கதை வேறு. லீவு அறிவிப்பு வந்த அரை மணியில் வாட்ஸ்ஆப்பில் ஒர்க்‌ஷீட் வந்துவிடும். சில இடங்களில் ஆன்லைன் வகுப்பு. யூ.கே.ஜி. பிள்ளை மேலே யூனிஃபார்ம் சட்டை, கீழே நைட் டிரஸ் என்று கேமரா முன் உட்காரும். அம்மா ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு “கையத் தூக்குடா, மிஸ் கூப்பிடுறாங்க” என்பார். மின்சாரம் இருந்தால் இது நடக்கும். மழைநாளில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று ஆண்டுதோறும் எச்சரிக்கை வருவதும், ‘இது வகுப்பு இல்லை, ஆக்டிவிட்டி’ என்று பள்ளிகள் சமாளிப்பதும் தனிக் கூத்து. ஒரே ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடும் வீடுகளுக்கு இந்தக் கூத்தில்கூட இடமில்லை.

ஜூனிலேயே நாட்காட்டி அச்சாகும்போது இரண்டாம் பருவத்தில் மாவட்டவாரியாக ‘மழை நாள்’ என்று சிலவற்றை ஒதுக்கிவைத்தால் என்ன? சென்னை, கடலூர், நாகைக்கு அதிகம், கிருஷ்ணகிரிக்குக் குறைவு. மழை பெய்யாத ஆண்டில் பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு லாபம். அதோடு இரண்டாம் பருவப் புத்தகத்தில் ஒரு பாடத்தைக் குறைத்து, அதை மூன்றாம் பருவத்துக்கு நகர்த்தலாம். ஆண்டுக்காண்டு வரும் மழையை ஆண்டுக்காண்டு ‘எதிர்பாராத’ மழை என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

காய்ச்சல் விட்ட நாள்தான் கவனிக்க வேண்டிய நாள்

மழைக்குப் பின் வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால் வாரக் கடைசியில் கால்வாசி பெஞ்சு காலி. இன்ஃப்ளுயன்சா, ஆர்.எஸ்.வி., மெட்ராஸ் ஐ, கை-கால்-வாய் நோய் என்று வரிசையாக வரும். பெரும்பாலானவை ஓய்வு, கஞ்சி, தண்ணீர், எடைக்கேற்ற பாராசிட்டமால் என்று தாமாகவே போய்விடும். ஆண்டிபயாட்டிக் கொடுத்து வைரஸை விரட்ட முடியாது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் போன தடவைச் சீட்டைக் காட்டி அதையே வாங்கும் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ தடுப்பூசி போடலாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. அரசின் இலவசப் பட்டியலில் அது இல்லை.

டெங்குதான் தனி வகை. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதாவது பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில். சாக்கடையை அது தேடுவதில்லை. நல்ல தண்ணீர்தான் வேண்டும். பள்ளி மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த வாளி, மூடி இல்லாத சின்டெக்ஸ், மைதான ஓரத்து டயர் போதும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்துகிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். இதைப் புயல் லீவோடு சேர்த்துப் பாருங்கள்: பூட்டிக்கிடந்த பள்ளியில் யாரும் கவிழ்த்துக் கொட்டாத தண்ணீர், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளைகள். திறப்பதற்கு முதல்நாள் மாடியைப் பார்க்காத பள்ளி, கொசுவுக்கு விருந்து வைத்துவிட்டு மணி அடிக்கிறது.

டெங்குவில் பெற்றோர் ஏமாறுவது காய்ச்சல் இருக்கும்போது அல்ல. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு ஜில்லென்று ஆகும். “அப்பாடா, விட்டுடுச்சு” என்று பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபத்து தொடங்குவது அந்த நேரத்தில்தான்.

┃ பெட்டி: காய்ச்சல் விட்ட பின் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி
┃ விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிட்டுப்போதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எழுப்பினாலும் சோர்ந்து விழுதல்.
┃ ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.
┃ சந்தேகம் கேட்க 104. அவசரம் என்றால் 108.

சுவரும் சுவிட்சும்

2021 டிசம்பர் 17. நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மழைக்காலத்தின் கடைசி வாரங்கள். ஊறிப்போன சுவர் மழையில் மட்டுமின்றி மழை விட்ட பின்னும் விழுவது உண்டு என்பது கொத்தனார்களுக்குத் தெரிந்த பழைய செய்தி. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து ஆயிரக்கணக்கில் இடித்தார்கள். புதிய வகுப்பறைகளுக்காக 2022இல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுகளில் ஏழாயிரம் கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. இடித்த வேகத்தில் கட்டுவது நடக்கவில்லை என்பதை மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். மரத்தடி வகுப்பு ஜூலையில் சரி, நவம்பரில்?

ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போகிறது: ஒழுகும் அறையைப் பூட்டு, ஈரச் சுவரில் உள்ள சுவிட்சைத் தொடவிடாதே, கிணறு, தொட்டிகளை மூடு, தண்ணீர் தேங்கவிடாதே. படித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். செய்தார்களா என்று பார்க்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடும் குழுவாக அது இருந்தால் தப்பு இரு தரப்பிலும் இருக்கிறது.

┃ பெட்டி: கைபேசியில் பதிந்துவைக்க
┃ மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077. சென்னை மாநகராட்சி: 1913. குழந்தைகள் உதவி: 1098. பள்ளிக்கல்வி உதவி மையம்: 14417.

மேலே குளிர்

சமவெளி மழையோடு மல்லுக்கட்டும்போது நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனி. ஊட்டியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் காலைகளில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் காலையிலேயே போய்விடும் பெற்றோர், பிள்ளையை அந்தக் குளிரில் தனியாகத்தான் அனுப்புகிறார்கள். மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, காலணி, காலுறை கொடுக்கும் திட்டம் உண்டு. உருப்படியான திட்டம். அது குளிருக்கு முன்னால் கைக்கு வருகிறதா, அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்பது மட்டும் பெற்றோர் வேலை. சமவெளிப் பிள்ளைக்கு அந்த மழைக்கோட்டுகூட இல்லை. உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு டெல்டாவில் இன்னும் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

ஜனவரியில் என்ன கேட்கலாம்?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மூன்றாம் பருவப் புத்தகம் கைக்கு வந்துவிடும். புது அட்டை, புது வாசனை. பழைய புத்தகம் அலமாரிக்கு மேலே போகும். பத்து நாளில் பொங்கல் விடுமுறை வேறு. இரண்டாம் பருவத்தின் கடைசி இரண்டு பாடம் நடந்ததா என்ற பேச்சே எழாது.

அதனால் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய புத்தகத்தைப் பரணில் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள். மார்க் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். அக்டோபரில் என் பிள்ளை எந்த நிலையில் இருந்தது, இப்போது எந்த நிலை, மழையில் விட்டுப்போன பாடம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று கேளுங்கள். பென்சிலால் அந்தப் பக்கங்களில் ஒரு கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பக்க எண்களைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கூடவே, விடுமுறையால் விட்டுப்போன சாப்பாடு எத்தனை நாள் என்பதையும். அடுத்த ஜூனில் நாட்காட்டி போடுகிறவர்களின் மேஜைக்கு அந்தத் தீர்மானங்கள் ஒரு கட்டாகப் போய்ச் சேரட்டும்.